எட்டு விநாடி

வடசேரியில் ஏறினேன், காலை ஏழு இருபது வண்டி.
மடியில் பலகை, தாளில் கட்டங்கள்,
கழுத்தில் விளையாட்டு வாத்தியாரைப் போல ஒரு ஸ்டாப்வாட்ச்.
"செக்கிங்கா பிள்ளே?" என்றார் கண்டக்டர் தாணுலிங்கம்.
இல்லை, சிவப்பு விளக்கில் வண்டி எவ்வளவு நேரம்
சும்மா நிற்கிறதென்று எண்ண வந்தேன் என்றேன்.
"சும்மா நிக்கதுக்கு எங்களுக்குச் சம்பளம்,
அத எண்ணதுக்கு ஒனக்குச் சம்பளமா? கொள்ளாம்."

முதல் வாரம்.
வெட்டூர்ணிமடம்: நாற்பத்தொன்று.
பார்வதிபுரம்: ஐம்பத்தாறு, மழையன்று எழுபது.
சுங்கான்கடையில் நான் எண்ண சிக்னல் இல்லை,
ஆனாலும் இருபத்திரண்டு,
கல்லூரிப் பிள்ளைகள் பேசிக்கொண்டே கடந்து முடியும்வரை.
வில்லுக்குறியில் பலாப்பழத்துக்கு டிக்கெட் உண்டா
என்ற வழக்கில் ஒன்றரை நிமிடம்.
அதற்கு என் தாளில் கட்டம் கிடையாது.

இரண்டாம் வாரம் கம்பங்களில் பெட்டி வைத்தோம்.
நூறு மீட்டரில் பேருந்து வருவது அதற்குத் தெரியும்.
அணையப் போகும் பச்சையை
எட்டு விநாடி பிடித்து வைக்கும்.
சிவப்பென்றால் சற்று முன்னதாகவே விலகிக்கொள்ளும்.
எங்கோ டிராம் வண்டிக்கென்று யோசித்த வித்தை.
தண்டவாளத்தில் ஓடுவதற்கு ஒதுங்கத் தெரியாது,
ஆகவே தெரு ஒதுங்க வேண்டும்.

டிரைவர் டென்னிசன் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தார்.
"தேர் மாதிரின்னு சொல்லு.
தேர் வந்தா கரண்டுக் கம்பியையே கழத்துவான்,
கடைக்காரன் தட்டிய மடக்குவான்.
எத்தன நிமிசம் மிச்சம்னு எவனாவது கேட்டானா?"

கேட்கவில்லை. தேர் வரும் நேரமே தேருக்கு நேரம்.
ஏழு இருபது அப்படியல்ல.
முந்திரி ஆலையில் எட்டு ஐந்துக்குச் சாத்தும் கதவுக்கு
இதில் ஒன்பது பெண்கள் போகிறார்கள்.
எட்டு ஆறுக்குப் போனால் அரைநாள் கூலி.

பச்சை நீண்டது. நானே பார்த்தேன்.
டென்னிசனின் இடது கால் கிளட்சைத் தேடிப் போய்
வேண்டாமென்று திரும்பியது.
பதினோரு விநாடி லாபம் என்று எழுதி முடிப்பதற்குள்
அடுத்த நிறுத்தத்தில் ஏறிய ஐந்நூறு ரூபாய் நோட்டு ஒன்று
அதை முழுசாய் விழுங்கிற்று.
சில்லறை தேடும் வண்டிக்கு யார் பச்சை காட்டுவது?
எழுதினேன், அடித்தேன், மறுபடி எழுதினேன்.

வியாழனன்று குறுக்குத் தெருவில் மாட்டிக்கொண்டேன்,
என் ஸ்கூட்டரில், நான் எரியவைத்த சிவப்பில்.
பக்கத்து டிவிஎஸ்ஸில் மீன்பெட்டி.
ஐஸ் உருகி என் செருப்பில் சொட்டியது.
"எவன்டே வச்சான் இந்த சிக்னல?" என்றார் அவர்.
நான் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.
எதிரே வண்டி போயிற்று. பழக்கதோஷம், எண்ணினேன்:
உட்கார்ந்தவர் ஐம்பது, நின்றவர் பதினெட்டு,
படியில் மூன்று.
இந்தப் பக்கம் காத்திருந்தது பதினோரு பேர்,
ஒரு பெட்டி சாளை.
கணக்கு வண்டியின் பக்கம்தான்.
சாளை கணக்குப் பார்க்காது, கெட்டுப்போகும்.

சனியன்று தக்கலையில் வண்டி இரண்டு நிமிடம் முந்திப் போய் நின்றது.
டிரைவரைக் காணோம்.
டைம்கீப்பர் விசிலை வாயில் வைத்தபடி தேடினார்.
கைக்குட்டையில் கை துடைத்துக்கொண்டு வந்தார் டென்னிசன்.
"பத்தொம்பது வருசம் பிள்ளே.
இந்த டிரிப்புல ஒருநாளும் இங்க ஒண்ணுக்குப் போனதில்ல.
மார்த்தாண்டம் வர அடக்கிட்டே போவேன்."
தாணுலிங்கம் டீயை ஊதி ஊதிக் குடித்தார்.
ஊதவேண்டிய சூட்டில் டீ கிடைத்தது
அவருக்கே நம்பமுடியவில்லை போலும்.

வேகம் கூடியதா என்று கேட்டிருந்தார்கள்.
சராசரி இரண்டு நிமிடம் பத்து விநாடி என்று அனுப்பினேன்.

சோதனை முடிந்து பெட்டிகளைக் கழற்றிய மறுநாள்
வாட்ச் இல்லாமல் ஏழு இருபதில் ஏறினேன்.
வெட்டூர்ணிமடத்தில்
அந்த இடது கால் கிளட்சைத் தேடிப் போயிற்று,
அங்கேயே நின்றது.
மனசுக்குள் எண்ணினேன். நாற்பத்து மூன்று.